சத்தம் கேட்டா எந்தப் பக்கம் ஓடுறது?

போன செமஸ்டர்ல பேரிடர் மேலாண்மை எங்களுக்கு ஒரு பேப்பர். சுனாமி, நிலநடுக்கம், புயல், வெள்ளம்னு வரிசையா நடத்தினாங்க. தேர்வுல 13 மார்க் கேள்வி: "பேரிடரின் தாக்கங்களையும் சமூகம் அதை எதிர்கொள்ளும் முறைகளையும் விளக்குக." ஜப்பானை எழுதினேன், 2004 சுனாமியை எழுதினேன். எங்க ஊரை எழுதணும்னு தோணவே இல்லை.

எங்க ஊர் சிவகாசி பக்கம். அம்மா பதினோரு வருஷமா பட்டாசு ஆலைக்குத்தான் போறாங்க. என் காலேஜ் ஃபீஸ்ல பாதி அந்தச் சம்பளம். எங்கேயாவது 'டம்'னு சத்தம் கேட்டா எங்க தெருவுல எல்லாரும் ஒரே மாதிரி செய்வாங்க. முதல்ல மாடிக்கு ஓடி, புகை எந்தத் திசையில வருதுன்னு பார்ப்பாங்க. அடுத்து ஃபோன். ஆலைக்குள்ள செல்ஃபோன் கொண்டு போகக் கூடாது, அதனால யாரும் எடுக்க மாட்டாங்க. மூணாவதா வண்டியை எடுத்துக்கிட்டு புகை வர்ற பக்கம் போவாங்க. இந்தக் கட்டுரை அந்த மூணாவது வேலையைப் பத்தினது. அதுக்கு முன்னாடி கொஞ்சம் பாடம்.

பேரிடர்னா என்ன?

இயற்கை இடர் வேற, பேரிடர் வேற. நடுக்கடல்ல எவ்வளவு மழை பெஞ்சாலும் அது வெறும் வானிலைச் செய்தி. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டினப்போ அது பேரிடர், ஏன்னா அங்க வீடும் குளமும் ரயில் பாதையும் மனுஷங்களும் இருந்தாங்க. இதைப் புத்தகத்துல மூணு சொல்லா பிரிப்பாங்க: இடர், அதுக்கு எதிர்ல நிக்கிறவங்க, அவங்களோட பலவீனம். மூணும் பெருகினா பேரிடர் பெருசாகும். நாலாவதா சமாளிக்கிற திறன். அது கூடினா பேரிடர் சுருங்கும்.

2005-ல வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒரு படி மேல போகுது. இயற்கையால வந்தாலும், மனுஷனால வந்தாலும், விபத்தாலயோ அலட்சியத்தாலயோ வந்தாலும், பாதிக்கப்பட்ட மக்களால சமாளிக்க முடியாத அளவுக்கு இழப்பு இருந்தா அது பேரிடர்தான்னு சொல்லுது. 'அலட்சியம்'ங்கிற சொல் சட்டத்துக்குள்ளயே இருக்கு. இதை மனசுல வச்சுக்குவோம்.

முதல் பேரிடர்: வறட்சி

விருதுநகர் மாவட்டம் மழை குறைஞ்ச பூமி. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் வருஷத்துல பெரும்பாலான நாள் மணலாத்தான் கிடக்கும். கரிசல் காடு, மானாவாரி விவசாயம், கண்மாயை நம்பின பிழைப்பு. 1876-78 பஞ்சத்தை இன்னைக்கும் பெரியவங்க 'தாது வருஷப் பஞ்சம்'னு சொல்வாங்க. அந்த வருஷத்துப் பேரே பஞ்சத்துக்குப் பேரா நின்னுடுச்சு.

வறட்சி வீட்டை இடிக்காது, ஆளை அடிச்சுக்கிட்டுப் போகாது. மெதுவா வரும். அதனாலயே சமூகம் அதுக்குச் சொல்ற பதிலும் மெதுவா, தலைமுறைக் கணக்குல வரும். சிலர் ஊரை விட்டுப் போனாங்க. சிலர் விவசாயத்தை விட்டு வியாபாரத்துக்கு மாறினாங்க. 1920-களின் தொடக்கத்துல சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் காய்ஞ்ச காற்று வேணும். எந்த வெயில் பயிரைக் கருக்குச்சோ அதே வெயில் மருந்தையும் மையையும் காயவச்சுக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் காலத்துல வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்னதும் இங்க பட்டாசுத் தொழில் வேகமா வளர்ந்தது. இன்னைக்கு நாட்டோட பட்டாசுல ஏறத்தாழ 90 சதவீதம் இந்தப் பகுதியில இருந்துதான் போகுது. உரிமம் வாங்கின ஆலைகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல.

பேரிடர் மேலாண்மைப் புத்தகத்துல 'மாற்று வாழ்வாதாரம்'னு ஒரு வரி வருமே, அதுக்கு இந்தியாவுலயே பெரிய உதாரணங்கள்ல ஒண்ணு எங்க ஊர்தான். ஆனா ஒரு பேரிடருக்குச் சொன்ன பதில் இன்னொரு பேரிடருக்கு விதையாகவும் ஆயிடுச்சு.

இரண்டாவது பேரிடர்: 'உராய்வு'

விபத்துச் செய்தி எதை எடுத்தாலும் ஒரு வரி இருக்கும்: "மருந்து உராய்வு காரணமாக வெடி விபத்து ஏற்பட்டது." இன்ஜினியரிங் படிக்கிற நாம இதோட நிறுத்திடக் கூடாது. உராய்வு கடைசிப் பொறி மட்டும்தான். அந்தப் பொறிக்கு முன்னாடி ஒரு சங்கிலி இருக்கு.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் இந்த மாதிரிப் பொருள்களோட கலவைதான் மருந்து. ஆக்சிஜன் கொடுக்கிற பொருளும் எரிபொருளும் ஒரே கலவைக்குள்ள இருக்கிறதால, பத்திக்கிட்டா வெளிக்காத்துக்குக் காத்திருக்காது. பாலியெஸ்டர் புடவையில சேர்ற நிலைமின்னூட்டம் போதும், இரும்புக் கரண்டி தரையில உரசுற ஒரு பொறி போதும். அதனாலதான் பருத்தி உடை, இரும்பு இல்லாத கருவிகள், உள்ள போகும்போது தொடுற செம்புத் தகடு எல்லாம்.

இதுல இயற்கையும் சேர்ந்துக்கும். அலுமினியத் தூள்ல ஈரம் பட்டா ரசாயன வினை நடந்து சூடாகும், ஹைட்ரஜன் வரும். மிச்சம் வச்ச கலவை ராத்திரி மழையில ஈரம் இழுத்தா, காலையில கதவைத் திறக்கிறவங்களுக்கு ஆபத்து. சித்திரை வெயில் இன்னொரு பக்கம், இடி மின்னல் இன்னொரு பக்கம். இப்படி இயற்கை இடர் ஒரு தொழிற்சாலை விபத்தைத் தூண்டிவிடுறதுக்கு உலக அளவுல தனிப் பாடப்பிரிவே இருக்கு. பட்டாசு ஊருக்கு அது சிலபஸ்ல கட்டாயம் இருக்கணும்.

ஆனா ஒரு அறையில தீப்பிடிச்சா ஒரு அறையோட போகணும். விதிகள் அதுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கு: அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஒரு அறையில இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான். எங்க ஊர்ல டீக்கடையில கூட 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ்'னு பிரிச்சுப் பேசுவாங்க. பெரிய ஆலைகளுக்கு உரிமம் கொடுக்கிற மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்போட தலைமையகம் நாக்பூர்ல இருக்கிறதால அந்தப் பேர்.

விதி உடையுறது எங்கன்னா, உள்குத்தகையில. உரிமம் ஒருத்தர் பேர்ல இருக்கும். அறைகளை ஆளுக்குக் கொஞ்சமா வேற வேற ஆள் எடுத்து நடத்துவாங்க. குத்தகைப் பணத்தை எடுக்கணும், தீபாவளி ஆர்டரை முடிக்கணும். கூலியோ உருப்படிக் கணக்கு. நாலு பேர் இருக்க வேண்டிய இடத்துல எட்டுப் பேர், மரத்தடியிலயும் வேலை. இடைவெளிங்கிற ஒரே பாதுகாப்பு அங்கதான் காணாமப் போகுது. 2021 அச்சங்குளத்துல 20 பேருக்கு மேல போனாங்க. அப்புறம் 2023 ரெங்கபாளையம், 2024 செங்கமலப்பட்டி, 2025 சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பேர் மாறுது, செய்தி மாறலை.

முதலிப்பட்டி, 5 செப்டம்பர் 2012

அன்னைக்கு மதியம் முதலிப்பட்டியில ஒரு ஆலையில தீப்பிடிச்சது. இறந்தவங்க சுமார் 40 பேர். அதுல பலர் அந்த ஆலையோட தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து உதவப் போனவங்க, பார்க்கப் போனவங்க. அவங்க பக்கத்துல நிக்கும்போது அடுத்தடுத்து வெடிச்சது.

'வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தாங்க'ன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. உள்ள அக்கா இருக்கா, மதினி இருக்கா, பக்கத்து வீட்டு அத்தை இருக்கா. உயிரோட இருக்காங்களான்னு தெரிஞ்சுக்க நேர்ல போறதைத் தவிர வேற வழி இல்லை. அதனால ஓடினாங்க. பயிற்சி பெற்றவங்களுக்கும் இது நடந்திருக்கு. 2000 மே 13 அன்னைக்கு நெதர்லாந்துல என்ஸ்கெடே நகரத்துல பட்டாசுக் கிடங்கு வெடிச்சு 23 பேர் இறந்தாங்க. அதுல 4 பேர் தீயணைப்பு வீரர்கள்.

நாம எப்படிப் பதில் சொல்றோம்?

பேரிடர் மேலாண்மையில நாலு கட்டம்: தணிப்பு, தயார்நிலை, மீட்பு, மறுவாழ்வு. இதுல எங்க ஊருக்கு மார்க் போட்டா இப்படி வரும்.

மீட்புக்கு நல்ல மார்க். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஊர் வந்துடும். சிவகாசி அரசு மருத்துவமனையில தீக்காயப் பிரிவு இருக்கு. ரத்தம் வேணும்னு சொன்னா பசங்க வரிசையில நிப்பாங்க.

மறுவாழ்வு கொஞ்சம் முன்னேறியிருக்கு. விபத்துல இறந்த தொழிலாளர்களோட பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும்னு 2024 நவம்பர்ல விருதுநகர்ல முதலமைச்சர் அறிவிச்சார். நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட அரசு வர்றதுக்கு முன்னாடி அம்மா போயாச்சுங்கிறதையும் மறக்கக் கூடாது.

தணிப்புலதான் நாம அரியர் வச்சிருக்கோம். என்ஸ்கெடேக்கு அப்புறம் நெதர்லாந்துல பாதுகாப்பு இடைவெளி விதிகளை இறுக்கினாங்க. எங்க என்ன ஆபத்து இருக்குன்னு எந்தக் குடிமகனும் பார்க்கிற மாதிரி நாட்டுக்கே வரைபடம் போட்டாங்க. நம்ம கிட்டயும் விதி இருக்கு. விபத்துக்கு அடுத்த வாரம் ஆய்வு நடக்கும், சில ஆலைகளுக்குப் பூட்டு விழும். தீபாவளி நெருங்க நெருங்க வேகம் குறையும்.

பூட்டுறது மட்டும் தீர்வுன்னும் நான் சொல்லலை. ஆலை மூடின நாள்ல எங்க வீட்டுல உலை கொதிக்காது. அந்த நாள்கள்லதான் வீட்டுத் திண்ணையில திருட்டுத்தனமா கருந்திரி சுத்துற வேலையும் நடக்கும். அங்க செம்புத் தகடும் கிடையாது, இடைவெளியும் கிடையாது. ஆலையை மூடினதும் ஆபத்து போயிடலை, வீட்டுக்குள்ள வந்துடுது.

நம்மால ஆகுறது

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலையுறோம். எனக்குத் தோணுறதைச் சொல்றேன். காலையில யார் எந்த அறைக்குள்ள போனாங்கன்னு பதிவாகி, அதோட ஒரு நகல் ஆலைக்கு வெளியில, பஞ்சாயத்து ஆபீஸ்லயோ தீயணைப்பு நிலையத்துலயோ இருக்கணும். விபத்து நடந்தா, யார் பத்திரம்ங்கிற தகவல் வீட்டுக்குக் குறுஞ்செய்தியா போகணும். ஒரு அறையில நாலு பேருக்கு மேல போனா அதே பதிவு காட்டிக் கொடுக்கும். சாதாரண டோக்கன் பலகையும் ஒரு சர்வரும் போதும். அறை ஈரப்பதத்தை அளக்கிற சென்சார் இன்னொரு ப்ராஜெக்ட், ஆனா அந்தக் கருவியே பொறி உண்டாக்காதபடி வடிவமைக்கிறதுதான் அதுல நிஜமான சவால்.

அது வர்ற வரைக்கும் ஒரு விதி. சத்தம் கேட்டா புகை வர்ற பக்கம் போகாதீங்க. முதல்ல தீயணைப்புக்குச் சொல்லுங்க, ஆம்புலன்ஸுக்கு வழி விடுங்க, ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. இரண்டாவது வெடி எப்ப வரும்னு வெளியில நிக்கிற யாருக்கும் தெரியாது.

இதை எழுதிட்டு அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "எல்லாம் சரிதான். என் ஆலையில சத்தம் கேட்டா நீ வீட்டுல உக்காந்திருப்பியா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை. நான் ஓடத் தேவையில்லாத ஒரு ஏற்பாட்டை அதுக்குள்ள செஞ்சு முடிச்சாகணும்.