முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை: வலி குறைந்தால்தான் கால் மடங்கும்



மூட்டுத் தேய்மானத்திற்காக முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பெரியவர்கள் இன்று நம் குடும்பங்களில் பலர். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தும் சிலருக்குக் கால் சரியாக மடங்குவதில்லை. வலியை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பது அதற்கு ஒரு காரணம். வலித்தால் பயிற்சி செய்ய மனம் வராது. பயிற்சி இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். பொறுமை வேறு, மருந்தை மறுப்பது வேறு. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள்.

1. மாத்திரை நேரத்திற்கு

முதல் இரண்டு வாரங்கள்தான் வலி கடுமையாக இருக்கும். வலி முற்றும்வரை காத்திராமல், டாக்டர் எழுதிய நேரத்தில் மாத்திரை கொடுங்கள். பயிற்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடும்படி அமைத்துக்கொள்வது நல்லது. பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. முதியோருக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறையும். வேறு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, குடற்புண் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அவை ஆபத்து. ட்ரமடால் போன்ற கடும் வலி மருந்துகள் மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் தரும். எழுந்து நடக்கும்போது ஒருவர் துணையிருங்கள்.

2. ஐஸும் தலையணையும்

துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம், நாளுக்குப் பலமுறை வையுங்கள். தலையணையைக் குதிகால் பக்கம் வைத்துக் காலை உயர்த்துங்கள். முழங்காலுக்கு அடியில் வைத்தால் அப்போது சுகமாக இருக்கும், ஆனால் கால் நேராக நீளாமல் போகும். காயத்தின் மேல் எண்ணெய் தேய்ப்பதும் பத்துப் போடுவதும் கூடாது.

3. பயிற்சி

கணுக்காலை அசைப்பது, தொடைத் தசையை இறுக்கி விடுவது, குதிகாலை இழுத்து முழங்காலை மடக்குவது ஆகியவற்றைப் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் பலமுறை செய்ய வேண்டும். பயிற்சியின்போது ஓரளவு வலிப்பது இயல்பு. அது அடுத்த நாளும் குறையாமல் வீக்கம் கூடினால், அளவைக் குறைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். லேசான வீக்கம் சில மாதங்கள் இருக்கலாம்.

4. தொழுகையும் நோன்பும்

நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. நாற்காலியில் அமர்ந்து, சைகையால் ருகூவும் சுஜூதும் செய்யலாம். மீண்டும் தரையில் மண்டியிடலாமா என்பதை அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மாத்திரை வேளை தவறும் நிலையில் நோன்பை விட்டு, குணமான பிறகு களாச் செய்யலாம்.

5. உடனே மருத்துவமனைக்கு

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது கூடிவரும் சிவப்பு, திடீரென அதிகரிக்கும் வலி இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் 108ஐ அழையுங்கள்.

நலம் விசாரிக்கச் செல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: "மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும்" என்று பயமுறுத்தாதீர்கள். "இன்று எத்தனை முறை காலை மடக்கினீர்கள்?" என்று கேளுங்கள், துஆச் செய்யுங்கள். அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.