வீட்டு உணவில் நாவற்பழம்

உழவர் பெருமக்கள் நெல்லும் பயறும் கடலையும் விளைவித்து ஊருக்கு உணவளிக்கின்றனர். ஆயினும் அவர்தம் வீட்டு உணவில் பழங்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. பழம் என்பது காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். வல்லத்திராக்கோட்டை போன்ற செம்மண் ஊர்களில் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் நாவற்பழம் மரத்தடியில் உதிர்ந்து மிதிபட்டு வீணாவதைப் பார்க்கின்றோம். இதனை வீட்டு உணவில் சேர்க்கும் முறைகளைக் காண்போம்.

நீலப் பழத்தின் சிறப்பு

நகரக் கடைகளில் இன்று சிறு பெட்டிகளில் அதிக விலைக்கு விற்கப்படும் புளூபெர்ரி வட அமெரிக்காவிற்கு உரியது. காட்டுச் செடியாக இருந்த அதனைப் பயிராக்கி, 1916ஆம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்தில் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தனர். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரையுள்ள புளிப்பு மண்ணும் குளிர்காலமும் அதற்குத் தேவை. எனவே நம் சமவெளிக்கு அது ஏற்றதன்று.

புளூபெர்ரிக்கு நீல நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமியாகும். இவ்வகை நிறமிகளே நாவற்பழத்தின் தோலிலும் சதையிலும் உள்ளன. எனவே தோலை நீக்காமல் உண்ணுதல் வேண்டும். நார்ச்சத்தும் வைட்டமின் 'சி'யும் இப்பழத்தில் உண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, சுவையும் வேறு. ஆயினும் நீலப் பழம் வேண்டுவோர் வெளிநாட்டுப் பழத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

பழம் சேகரித்தல்

நாவல் மரத்தின் கிளைகள் எளிதில் முறியும். பழத்திற்காகச் சிறுவர்களை மரமேற விடுதல் கூடாது. மரத்தடியில் வலை அல்லது பழைய வேட்டியை விரித்து, தொரட்டியால் கிளையை மெல்ல அசைத்தால் பழுத்தவை உதிரும். ஔவையார் மணலை ஊதிய கதையை நாம் அறிவோம். ஊதினால் மட்டும் போதாது, நல்ல நீரில் இரண்டு முறை கழுவுதல் வேண்டும். வெடித்த பழங்களையும் புழு உள்ளவற்றையும் நீக்கிவிடுக. சாதாரண வெப்பநிலையில் ஓரிரு நாட்களே பழம் தாங்கும். ஆகவே பறித்த அன்றே பயன்படுத்துதல் நன்று.

சமையலில் பயன்படுத்தும் முறைகள்

1. உப்பிட்ட பழம்: கழுவிய பழத்தில் சிறிது உப்புத் தூவிக் குலுக்கிச் சற்று நேரம் வைத்தால் துவர்ப்புக் குறையும். கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஏற்றது.

2. தயிர்ப் பச்சடி: கொட்டை நீக்கிய சதை ஒரு கிண்ணம், கெட்டித் தயிர் ஒரு கிண்ணம், உப்பு, சிறிது சீரகத்தூள் ஆகியவற்றைக் கலந்து கடுகு தாளிக்கவும்.

3. சாறு: ஒரு கிலோ பழத்தைக் கையால் பிசைந்து, சிறிது நீர் சேர்த்து, சதை இளகும் வரை மட்டும் இளஞ்சூட்டில் வைத்து வடிகட்டவும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் நிறமி அழியும். புளிப்புப் பழமாதலால் எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. ஒரு தம்ளர் நீருக்கு மூன்று கரண்டி சாறும் சிறிது நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அருந்தலாம்.

சிறு குழந்தைகளுக்குக் கொட்டையை நீக்கியே கொடுத்தல் வேண்டும்; இல்லையேல் தொண்டையில் சிக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை

நாவற்கொட்டைப் பொடி நாட்டு மருத்துவத்தில் நீரிழிவிற்கு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இதனை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துதல் உயிருக்கு ஆபத்தாகும். மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே பொடியைப் பயன்படுத்த வேண்டும். பழத்தை உணவாக மட்டும் கருதுக.

வீட்டிற்கு ஒரு மரம்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் தென்னையும் பலாவும் சாய்ந்த தோப்புகளில் இன்னும் வெற்றிடம் இருப்பின், அங்கு நாவல் நடலாம். கிணற்றடியும் வேலியோரமும் ஏற்றவை. பெருமரமாக வளர்ந்து நிழல் விழுமாதலால் வயலை ஒட்டிய வரப்பில் நடவேண்டாம்.

ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழமுள்ள குழியில் மூன்று பங்கு மேல்மண்ணுடன் ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, வடகிழக்குப் பருவமழைத் தொடக்கத்தில் நடவு செய்க. பல மரங்கள் நடுவதாயின் ஒட்டுக்கன்றுக்கு 8 மீட்டர், விதைக்கன்றுக்கு 10 மீட்டர் இடைவெளி தேவை. விதைக்கன்று காய்க்க 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று அதற்கு முன்பே காய்க்கும். விதையின் முளைப்புத்திறன் இரண்டு வாரங்களில் குன்றிவிடுமாதலால், உண்டு முடித்த கொட்டையை உடனே விதைத்தல் வேண்டும்.

கன்று குறித்து வல்லத்திராக்கோட்டை அரசு தோட்டக்கலைப் பண்ணையிலும், வளர்ப்பு முறை குறித்து வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலும் முன்கூட்டியே விசாரித்து அறியலாம்.

இன்று காய்க்கும் மரத்தின் பழத்தை வீட்டிற்குக் கொணர்வதும், நாளைக்கென ஒரு கன்று நடுவதும் பெருஞ்செலவில்லாப் பணிகள். உழவர் குடும்பங்கள் இவ்வாண்டே இவற்றை மேற்கொண்டு பயனடைவார்களாக.