'பிரக்டிஸ்' என்றால் பயிற்சியா?

டாக்டர் ஒருவர் தம் தொழிலைச் செய்வதை ஆங்கிலத்தில் மருத்துவத்தை 'பிரக்டிஸ்' பண்ணுகிறார் என்பர். இதைத் தமிழில் எழுதச் சொன்னால் பலர் "அவர் மருத்துவம் பயிற்சி செய்கிறார்" என எழுதிவிடுகின்றனர். கிரிக்கெட் பழகுவதும் 'பிரக்டிஸ்' என்பதால் நேரும் பிழை இது. டாக்டர்மார் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்ற பகிடியும் இந்த மயக்கத்தில் பிறந்ததே.

இச்சொல்லின் கிரேக்க வேருக்குச் 'செய்தல்' என்று பொருள். இப்னு சீனா (980–1037) தமது மருத்துவ நூலில் மருத்துவத்தை அறிமுறை, செய்முறை என இரண்டாக வகுத்தார். லத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. செய்முறைப் பகுதியை லத்தீனில் 'பிரக்டிக்கா' என்றனர். ஆகவே கற்ற மருத்துவத்தைத் தொழிலாகச் செய்வதே இங்கு 'பிரக்டிஸ்'. திரும்பத் திரும்பச் செய்து பழகுதல் என்பது அதே சொல்லின் வேறொரு பொருள்.

இதற்குத் தமிழில் நல்ல வினைச்சொல் உண்டு. றொசல்லயில் உள்ள உங்கள் பாட்டியைக் கேட்டால் "அந்த டாக்டர் நல்லா வைத்தியம் பார்ப்பாரு" என்பார். பிரசவம் பார்த்தல், கணக்குப் பார்த்தல், வேலை பார்த்தல் என்பவற்றிலும் 'பார்' என்பது கண்ணால் காண்பதன்று; பொறுப்பேற்றுச் செய்வது. "டிக்கோயா ஆஸ்பத்திரியில வைத்தியம் பார்த்துட்டு வந்தோம்" என்று நோயாளியும் சொல்வார். பார்த்தவர் யார் என்பதை இடம் நோக்கி அறிக. எழுத்து வழக்கில் 'மருத்துவத் தொழில் புரிகிறார்' என எழுதலாம்.

'பயிற்சி' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? பொருளே மாறிவிடும். இலங்கையில் மருத்துவப் பட்டம் பெற்றவர் முதலில் தற்காலிகமாகப் பதிவு செய்யப்பட்டு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறுகிறார். அதன் பின்னரே இலங்கை மருத்துவச் சபையில் முழுமையாகப் பதிவாகிறார். மேல்நாட்டு மருத்துவத் தொழில் புரிய இப்பதிவு வேண்டும் என்பதற்கு அடிப்படை 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம். எனவே 'பயிற்சி' என்று எழுதும் மாணவர், முழுத் தகுதி பெற்ற டாக்டரை மீண்டும் பயிற்சிக் காலத்துக்கு அனுப்பிவிடுகிறார்! தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து தரும் மருத்துவ உதவியாளரையும் நாம் 'டாக்டர்' என்றே அழைக்கிறோம். அது மரியாதை வழக்கு. பதவிப் பெயர் வேறு.

திருத்தி எழுதுக:
1. அவர் ஹற்றனில் இருபது வருடங்களாக மருத்துவம் பயிற்சி செய்கிறார்.
2. என் மாமா நுவரெலியாவில் சட்டம் பயிற்சி செய்கிறார்.