அறுவர் கூடிய இசை

குழு இசை என்றவுடன் பாடுவோர் ஒருவரையே பலரும் நினைப்பர். உடன் இசைப்போரை மறந்துவிடுவர். முன்னே நிற்கும் ஒருவருக்காகப் பின்னே நிற்போர் அடங்கிப் போவதே குழு என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஓர் இசைத்தட்டு. அமெரிக்க நாட்டு ஆல்மன் சகோதரர்கள் குழுவினர் 1971 மார்ச்சுத் திங்களில் நியூயார்க் அரங்கொன்றில் இசைத்த 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' என்பதே அது. விடுதி அறையில் பன்முறை கேட்டு நான் மகிழ்ந்த அவ்விசையின் சிறப்பை நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இக்குழு 1969-இல் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் பிறந்தது. ஜியார்ஜியாவின் மேக்கன் நகரில் வளர்ந்தது. டுவேன் ஆல்மன், டிக்கி பெட்ஸ் இருவரும் கிட்டார் இசைத்தனர். டுவேனின் தம்பி கிரெக் பாடினார், ஆர்கனும் வாசித்தார். பெர்ரி ஓக்லி பேஸ் கிட்டார் ஏற்றார். புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ இருவரும் டிரம் முழக்கினர். இவர்களுள் ஜெய்மோ கறுப்பினத்தவர்; ஏனை ஐவரும் வெள்ளையர். பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டுவதைச் சட்டம் தடுத்தது 1964-இல்தான். சட்டம் மாறினும் மனம் மாறாதார் பலர் இருந்த அத்தென்னாட்டில், அறுவரும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே வண்டியில் ஊர் ஊராய்ச் சென்றனர். அவர்தம் இசைக்கு அடிப்படையான ப்ளூஸோ கறுப்பின மக்களின் துயரில் பிறந்தது. இசைத்தட்டின் முதற்பாடலே, கண்பார்வையற்ற கறுப்பினப் பாடகர் பிளைண்ட் வில்லி மெக்டெல் 1928-இல் பதிவு செய்ததன்றோ!

இனி அவர்தம் இசைமுறையைக் காண்போம். டுவேன் ஒரு சிறு கண்ணாடி மருந்துப் புட்டியை விரலில் செருகி நரம்புகளின்மேல் வழுக்கிச் செல்லவிடுவார். அப்போது கிட்டார், மாந்தர் குரல்போல் விம்மும். சில இடங்களில் இரு கிட்டார்களும் வெவ்வேறு சுரங்களில் இணைந்தே நடக்கும். பின்னர் ஒன்று முன்செல்ல மற்றொன்று தாங்கும். 'விப்பிங் போஸ்ட்' என்னும் பாடல் பதினொரு எண்ணிக்கையில் தொடங்குகிறது. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். அதன் தவிப்பு விளங்கும். இருபது நிமிடங்களுக்கு மேல் நீளும் அப்பாடலில் ஒருவர் உயர மற்றவர் காத்திருப்பர். அவர் இறங்க அடுத்தவர் எழுவர். ஜாஸ் மேதைகளான மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் ஆகியோரைக் கேட்டுக் கேட்டு டுவேன் கற்ற பாடம் இது.

அவ்விசைத்தட்டு 1971 சூலையில் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில், அதே நகரில், அதேபோன்ற விபத்தில் ஓக்லியும் மாண்டார். இருவருக்கும் வயது 24. குழு கலைந்துவிடவில்லை. டுவேனின் இடத்தில் உடனே மற்றொரு கிட்டார்க் கலைஞரை அமர்த்தவும் இல்லை. பியானோ வாசிக்கும் சக் லெவலைச் சேர்த்துக்கொண்டனர். சிலருடைய இடம் நிரப்பற்கரியது என்பதை உணர்ந்தவர் செயலாகவே இது எனக்குத் தோன்றுகிறது.

பின்னாளில் பிணக்கும் பிரிவும் நேர்ந்தன, கூடலும் நேர்ந்தது. இறுதியாக 2014 அக்டோபர் 28-ஆம் நாள் நியூயார்க்கில் இசைக்கத் தொடங்கி, நள்ளிரவு கடந்து, டுவேன் மறைந்த நாள் பிறந்தபின் முடித்தனர்.

நண்பர்களே, இவ்விசையை ஒருமுறை கிட்டாருக்காகக் கேளுங்கள். மறுமுறை டிரம்முக்காகக் கேளுங்கள். மூன்றாம் முறை, ஒருவர் இசைக்கும்போது மற்ற ஐவரும் என்ன செய்கின்றனர் என்று கேளுங்கள். பேசக் கற்றவர் பலர். பிறர்க்குச் செவிகொடுக்கக் கற்றவர் சிலர். அச்சிலருள் இவ்வறுவரும் இருந்தனர்.