பாய்மரம் நடத்தும் பாடம்



என்ஜின் வந்துவிட்ட காலத்தில் பாய் எதற்கு? இந்தக் கேள்வியைப் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் என் அப்பாவிடம் கேட்டவன் நான்தான். மோட்டார் மாட்டிய படகிலும் பழைய பாயைச் சுருட்டி வைத்திருப்பார். "டிப்ளமோ படிக்கிறவன் நீ, ஒனக்குத் தெரியாததா?" என்று சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பாய்மரக் காலத்தில் கப்பல்தான் பாலிடெக்னிக். பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பையன்கள் அதில் ஏறுவார்கள். 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படையில் லெப்டினன்ட் ஆக ஆறு வருடக் கடல் அனுபவம் வேண்டும். அதன்பின் கேப்டன்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு. நம்ம வைவா மாதிரிதான்!

இந்தப் படிப்பின் பயன் நம் கடலூருக்கு எதிரிலேயே தெரிந்தது. 1783 ஜூன் 20 அன்று அங்கே மோதிய பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன், பதினான்கு வயதில் கடற்படையில் சேர்ந்தவர். அவரிடம் 15 போர்க்கப்பல்கள். ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18. சாதகமான காற்றுக்காக இருவரும் பல நாள் காத்திருந்தார்கள். முடிவில் ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

காற்றைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும்? 1878 மார்ச் 24 அன்று 'யூரிடைஸ்' என்ற பிரிட்டிஷ் பயிற்சிக் கப்பல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. பாய்கள் விரிந்திருந்தன, பீரங்கிச் சாளரங்களும் திறந்திருந்தன. திடீரென்று பனிப்புயல்! கப்பல் கவிழ்ந்து 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர் இருவர் மட்டுமே.

நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் இதை விளக்குகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். விசை உயரத்தில் விழுவதால், கப்பலைச் சாய்க்கும் திருப்புத்திறனும் அதிகம். எனவே காற்று வலுக்கும் முன்பே பாயைக் குறைக்க வேண்டும்.

இதைக் கையால் கற்பிக்கவே நம் கடற்படை 'தரங்கிணி'யை வைத்திருக்கிறது. கோவாவில் கட்டப்பட்டு 1997இல் பணியில் சேர்ந்த இக்கப்பலுக்கு மூன்று பாய்மரங்கள், 20 பாய்கள். என்ஜினும் உண்டு. ஆனாலும் பயிற்சி அதிகாரிகள் மரமேறிப் பாய் கட்டுகிறார்கள். 2003-04இல் இது உலகையே சுற்றி வந்தது. 2012இல் 'சுதர்சினி'யும் சேர்ந்தது.

சென்ற மார்கழி விடுமுறையில் அப்பாவோடு கடலுக்குப் போனேன். திரும்பும்போது, வெள்ளாற்று முகத்துவாரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மோட்டார் நின்றுவிட்டது. பாயை ஏற்றினோம். வாடைக்காற்று. சீக்கிரம் கரை சேரும் அவசரத்தில், "முழுசா ஏத்துப்பா" என்றேன். அவர் வடகிழக்கில் கறுத்த மேகத்தைப் பார்த்தார். "வேணாம்டா. பருமலக் கீழ எறக்கு" என்றார். இறக்கி முடிக்கவும் காற்று வந்து அறையவும் சரியாக இருந்தது. படகு சாய்ந்தது, கவிழவில்லை.

சூத்திரம் எனக்குத் தெரியும். எப்போது போட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பர்களே, ஒர்க்‌ஷாப் வகுப்பை ரெக்கார்டு நோட்டோடு முடித்துவிடாதீர்கள். கையும் கண்ணும் கற்காத பாடம், ஆபத்து நேரத்தில் கை கொடுக்காது!