தண்ணி வரும் தேதியும் நம் மனக் கணக்கும்



"மேட்டூர் அணை எப்போ திறப்பாங்க?" டெல்டாவில் யாரைக் கேட்டாலும் "ஜூன் 12" என்று சட்டென்று பதில் வரும். நாற்று விடுவது, நகையை அடகு வைப்பது, நடவுக் கூலியை நம்பி கைமாற்று வாங்குவது எல்லாமே அந்தத் தேதியை வைத்துத்தான். அது நம் மனதில் அப்படிப் பதிந்து கிடக்கிறது.

ஆனால் நடந்தது என்ன?

2012-ல் அணை திறந்தது செப்டம்பர் 17. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. இப்படி 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் திறக்கவே இல்லை. 2020, 2021-ல் சரியாக ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28. 2025-ல் மறுபடியும் ஜூன் 12. கர்நாடகத்தில் பெய்யும் மழையும் அங்கிருந்து வரும் தண்ணீரும்தான் இதை முடிவு செய்கின்றன. காலண்டர் முடிவு செய்வதில்லை.

மனசு என்ன செய்கிறது?

முதலில் பழைய தேதியை விடாது. "இந்த வருஷம் மட்டும்தான் இப்படி" என்று சொல்லும். நாலைந்து வருஷம் தள்ளிப் போனால் "இனிமே ஆகஸ்ட்தான்" என்று புதுத் தேதியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மே மாதமே தண்ணி வந்தால் விதையும் இருக்காது, உழவும் ஆகியிருக்காது. பிடித்தது பழைய தேதியோ புதுத் தேதியோ, ஒரே தேதியை நம்பினால் சிரமம்தான்.

2023-ல் இன்னொரு பாடம் கிடைத்தது. ஜூன் 12-ல் சொன்னபடி திறந்தார்கள். ஆனால் தண்ணி போதவில்லை. கடைமடையில் குறுவை காய்ந்தது. அக்டோபர் 10-ல் அணையை மூடினார்கள். ஆகவே "எப்போ வரும்?" என்பதோடு "எத்தனை நாளைக்கு வரும்?" என்றும் கேட்கப் பழக வேண்டும்.

குழுவில் என்ன செய்யலாம்?

1. அணையின் முழு அளவு 120 அடி. நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. மே மாதம் முதல் ஒவ்வொரு கூட்டத்திலும் அதை நோட்டில் எழுதுங்கள்.

2. இரண்டு திட்டம் வையுங்கள். ஜூனில் தண்ணி வந்தால் 110 நாள் குறுவை ரகம். தள்ளிப் போனால் சம்பா மட்டும். ஆகஸ்டில் விதைத்தால் சி.ஆர்.1009 போன்ற நீண்ட நாள் ரகம். செப்டம்பர் ஆகிவிட்டால் 135 நாள் ரகம். வேளாண்மை அலுவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. உள்கடன் தவணையை "ஜூலை" என்று எழுதாமல் "நடவு முடிந்த மறு மாதம்" என்று தீர்மானம் போடலாம். ஆனால் தண்ணி தள்ளிப் போனாலும் வங்கித் தவணை தள்ளிப் போகாது. கூலி வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் கோடைக்குள்ளேயே இரண்டு தவணைப் பணத்தைத் தனியாகச் சேர்த்து வைத்தால், நடவு தாமதமானாலும் வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

* போன ஐந்து வருஷத்தில் நம் ஊர் வாய்க்காலுக்கு எந்தெந்த மாதம் தண்ணி வந்தது?
* நடவு இரண்டு மாதம் தள்ளினால் நம் குழுவில் முதலில் கஷ்டப்படுவது யார்? அவருக்கு இப்போதே என்ன ஏற்பாடு?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.