படிப்பும் பின்வருத்தமும்

குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக உலகிலேயே முதலில் கொண்டுவந்த நாடு இந்தியா, ஆண்டு 1952. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் செய்யப்பட்ட சுமார் 83 லட்சம் ஆபரேஷன்களில் 62 லட்சம் ஆண்களுக்கு. அந்தக் கசப்புக்குப் பின் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, சுமை முழுதும் பெண்கள்மேல் விழுந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருக்குழாய் ஆபரேஷனை நம்பியிருக்கிறார்கள். ஆண்களின் வாஸக்டமியோ 0.3 சதவீதம்தான்!

செய்துகொண்டபின் வருந்துபவர்கள் 2015-16 கணக்கெடுப்பில் சுமார் 7 சதவீதம். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில் இது பல லட்சம் பெண்களின் மனக்குறை.

இதில் படிப்பின் பங்கு என்ன? படித்தவள் யோசித்துச் செய்கிறாள், படிக்காதவள் அவசரப்படுகிறாள் என்று தீர்ப்புச் சொல்வது தவறு. படிப்பு மூன்று வழிகளில் வேலை செய்கிறது.

முதலாவது, வயது. பள்ளியை விட்ட பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம், அடுத்தடுத்துக் குழந்தைகள், உடனே ஆபரேஷன். 2015-16 கணக்கெடுப்பின்படி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் அப்போது 26 வயதைத் தாண்டாதவர்கள். வயது எவ்வளவு முக்கியம் என்பதை 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டுகிறது: 30 வயதுக்குள் செய்துகொண்டவர்களில் 14 ஆண்டுகளுக்குள் வருந்தியவர்கள் 20.3 சதவீதம், 30க்கு மேற்பட்டவர்களில் 5.9 சதவீதமே.

இரண்டாவது, மாற்று வழிகள். பத்து ஆண்டு பலன் தரும் காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி, வாரமாத்திரை 'சாயா' ஆகியவை அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கின்றன. இவை இருப்பதை அறியாதவளுக்கு ஆபரேஷன் ஒன்றே வழி.

மூன்றாவது, குழந்தையின் உயிர். படிப்பும் வசதியும் குறைந்த வீடுகளில்தான் சிசு மரணம் அதிகம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பதே நம் நாட்டில் பின்வருத்தத்தின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. குழாயைத் திரும்ப இணைக்கும் சிகிச்சை உண்டு என்றாலும், மீண்டும் கருத்தரிப்பது நிச்சயமில்லை.

அரசு விதிகளின்படி பெண்ணுக்கு வயது 22க்கு மேல் இருக்க வேண்டும். ஒரு வயது கடந்த குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை அவளுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். கணவரின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவள் கைநாட்டு வைக்கும் இடத்தில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

அந்த ஒருவர் நாமாக இருக்கலாம். நம் வீட்டில் வேலை செய்யும் பெண், "ஆபரேஷனுக்குப் போகிறேன், பத்து நாள் வரமாட்டேன்" என்றால், சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்புவதோடு நிறுத்த வேண்டாம். வயது என்ன, கடைசிக் குழந்தைக்கு எத்தனை மாதம், வேறு வழிகளை யாராவது சொன்னார்களா, இது அவளுடைய சொந்த முடிவுதானா என்று கேளுங்கள். எல்லாம் தெரிந்தபின்னும் அவள் அதையே விரும்பினால், மகிழ்ச்சியோடு அனுப்பிவையுங்கள். முடிவு அவளுடையது, விவரம் சொல்வது நம் கடமை.